வெள்ளை அவருக்கு, மஞ்சள் எனக்கு

எங்கள் வீட்டில் ஒரு முட்டையை இரண்டு பேர் சாப்பிட்டோம். வெள்ளை அவருக்கு, மஞ்சள் எனக்கு. என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கிய காலத்தில் வந்த பழக்கம் அது. அந்த மெஷின் அழுக்கோடு சேர்த்து உடம்பின் சத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். அதை ஈடுகட்ட நாளுக்கு மூன்று முட்டையின் வெள்ளையை அவித்துக் கொடுக்கும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மஞ்சள் அவருக்கு ஆகாது என்றார்கள். எறிய மனம் வராமல் மூன்று மஞ்சளையும் நானே சாப்பிட்டேன். அவர் மெலிய மெலிய நான் பெருத்தேன். நான் படிப்பிக்கும் முன்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார், ரீச்சர் இப்போது நன்றாக இருக்கிறீர்கள் என்பார்கள். அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஒரு நாள் அவரை நான் கள்ளன் என்றேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கோழிகளையும் முட்டை ஓட்டையும் சொல்லாமல் அந்த இடத்துக்குப் போக எனக்கு வழி தெரியவில்லை. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

பள்ளிமுனையில் எங்கள் வளவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையும் நாலைந்து வீடும்தான். அவர் இளந்தாரி வயதிலிருந்து கடலுக்குப் போனவர். சிறுநீரக வருத்தம் வந்தபின் வலையையும் இயந்திரத்தையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, முற்றத்து முருங்கை மரத்தின் கீழ் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் கலியாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். காலையில் நான் முன்பள்ளிக்குப் போனால் மதியம் திரும்பி வரும்வரை அவருக்குத் துணை அந்த முருங்கையும் எட்டுக் கோழிகளும்தான்.

அவருக்கு விதித்த தண்ணீர் நாளுக்கு அரை லீற்றர். கோப்பையில் குடித்தாலென்ன, போத்தலில் குடித்தாலென்ன, அதற்கு மேல் ஒரு மிடறும் கூடாது. கூடினால் கால் வீங்கும், நெஞ்சில் தண்ணீர் கட்டும், மூச்சு முட்டும். பிள்ளைகளுக்குக் கோடு போடப் பழக்குகிற கைதானே என்னுடையது. ஒரு போத்தலை எடுத்து, முன்பள்ளியில் இருந்த கறுப்பு மாக்கரால் அதில் மூன்று கோடு போட்டேன். காலையில் குளிசை விழுங்க இவ்வளவு, மதியத்துக்கு இவ்வளவு, பின்னேரத்துக்கு இவ்வளவு. அவர் அதைத் தூக்கிப் பார்த்து, கடலுக்குப் போன காலத்தில் குடித்த சாராயத்துக்குக்கூட இவள் இப்படி அளவு வைத்ததில்லை என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை உயிரோடு வைத்திருப்பது அந்த மூன்று கோடும் மூன்று வெள்ளையும்தான் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அப்படியிருக்கும்போதுதான் கோழிகள் தோல் முட்டை இடத் தொடங்கின.

முதலில் ஒன்றிரண்டு, ஓடில்லாமல் வெறும் தோலோடு. கையில் எடுத்தால் நனைந்த கடதாசிபோல் அமுங்கும். பிறகு ஓடு இருந்தும் பயனில்லை. கூட்டிலேயே வெடித்து வைக்கோலோடு ஒட்டிக்கிடக்கும். தப்பியதை அவிக்கப் போட்டால் பானைக்குள் பிளந்து வெள்ளை நூல் நூலாக வெளியே வரும். வெடித்த முட்டையை அவருக்குக் கொடுக்கவும் பயம், கிருமி போய்விடும் என்று எச்சரித்திருந்தார்கள். உடைந்ததைக் கோழிகள் கொத்திக் குடித்து ருசி கண்டால் பிறகு நல்ல முட்டையையும் விட்டுவைக்காது. எட்டுக் கோழி நின்றும் மூன்று முழு முட்டை இல்லாத நாட்கள் வந்தன. கடை முட்டை எப்போதும் வாங்கக்கூடிய காலமாகவும் அது இருக்கவில்லை. கோழிகளுக்கு நான் கொடுத்த ஏச்சை எழுதினால் இந்தத் தாள் நாறும்.

கால்நடைக் கந்தோரில் வேலை செய்கிற ஒரு பிள்ளை எங்கள் பகுதிக்கு வந்து போவாள். அவளைப் பிடித்து இழுத்துவந்து கூட்டைக் காட்டினேன். அவள் கோழிகளைத் தூக்கிப் பார்த்தாள். என்ன தீன் போடுகிறேன் என்று கேட்டாள். தவிடும், பேசாலையில் கருவாடு காயவைக்கும் வாடி வைத்திருக்கும் என் மைத்துனி கொடுத்துவிடும் கருவாட்டுத் தலைகளும் என்று பெருமையாகச் சொன்னேன். எத்தனை வீட்டுக் கோழிக்கு அப்படி மீன் கிடைக்கும்? அவள் தலையில் கை வைத்தாள். அந்தத் தலைகளில் இருக்கும் உப்பு கோழிக்கு ஆகாது, தவிட்டை மட்டும் கொட்டினால் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு உடம்பில் பிடிக்காது என்றாள். முட்டையிடும் கோழிக்கென்று விற்கும் தீனைக் கலக்கவேண்டும். மீன் கொடுப்பதென்றால் உப்பில்லாத பச்சை மீன் குடலை அவித்துக் கொடுக்கவேண்டும். முருங்கை இலை போடவேண்டும். வெயிலில் கோழி சாப்பிடாது, வாயைப் பிளந்து இளைக்கும், முட்டை ஓடும் மெல்லிதாகிவிடும். அதனால் விடியவும் பொழுதுபடவும் தீன் வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிப்பி இடித்து வைக்கவேண்டும்.

போகிற நேரம் அவள் இன்னொன்றும் கேட்டாள். தண்ணீர் எப்படி என்றாள்.

"எப்பவும் நிறைய வைக்கிறன் பிள்ளை," என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள்.

நான் பொய் சொல்லவில்லை. கிணற்றடியில் ஒரு பெரிய சட்டி, காலையும் மாலையும் வாளியால் இறைத்து நிரப்புவேன். எங்கள் கிணறு சவர், உப்புக் கரிக்கும். குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. சமையலுக்குக் குழாய்த் தண்ணீர், அது வருகிற நாளில் பிடித்து வைப்போம். குடிக்க, வடிகட்டின தண்ணீரைக் கலனில் வாங்குவோம். கடல் சூழ்ந்த எங்கள் தீவில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் இப்படி மூன்று சாதி. கோழிக்கு எது, ஆட்டுக்கு எது என்று யாரும் யோசிப்பதில்லை. கிணற்றுத் தண்ணீர் மிருகங்களுக்கு, அவ்வளவுதான்.

சிப்பி பொறுக்க ஞாயிறு பூசை முடிந்து கீரிக் கடற்கரைக்குப் போனேன். உடம்பு இடம் கொடுத்தால் அவரும் ஓட்டோவில் வந்து, மணலில் துவாயை விரித்து உட்கார்ந்து, கணவாய் மீனின் ஓடு எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று கையைக் காட்டுவார். வெள்ளையாக, இலேசாக, நகத்தால் கீறினால் மா கொட்டும் அந்த ஓடு முழுக்கச் சுண்ணாம்புதான். ஒன்றை நூலில் கட்டிக் கூட்டுக்குள் தொங்கவிட்டார். கோழிகள் போய்வரும்போது ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போகும். சிப்பியைக் குழாய்த் தண்ணீரில் உப்புப் போக இரண்டு தரம் அலசி, வெயிலில் காயவைத்து, உரலில் இடித்தேன். முதல் தரம் மாவாக இடித்துவிட்டேன். அப்படி இடிக்கக்கூடாது, பயறளவுக்குத் துண்டாக இருந்தால்தான் கோழியின் இரைப்பைக்குள் நின்று மெல்ல மெல்லக் கரைந்து ஓடு பிடிக்கிற நேரத்துக்கு உதவும் என்று அந்தப் பிள்ளை பிறகு சொன்னாள். தீனோடு கலக்காமல் தனிச் சிரட்டையில் வைத்தேன். அவித்த முட்டையின் ஓட்டையும் வறுத்து, கோழிக்கு அடையாளம் தெரியாதபடி நொறுக்கிப் போட்டேன்.

முருங்கை இலையை நான் உருவும்போது அவர் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். கீரை அவருக்கு விலக்கு. உப்பு விலக்கு, கருவாடு விலக்கு, இளநீர் விலக்கு.

"கோழிக்குக் குடுக்கிற மரியாதை எனக்கு இல்லை," என்பார்.

"நீங்களும் முட்டை இடுங்கோ, தாறன்," என்பேன். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். வருத்தக்காரன் வீட்டில் சந்தோஷம் இருக்காது என்று வெளியில் இருப்பவர்கள்தான் நினைக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் ஓடு சொல்லும்படி தேறவில்லை. தோல் முட்டை குறைந்தது, வெடிப்பு நிற்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் வெள்ளையை வெட்டிக்கொண்டிருக்க அவர் கேட்டார்:

"அந்தக் கறுப்பியின்ர முட்டை மட்டும் ஏன் உடையிறேல்லை? யோசிச்சியோ?"

கறுப்பி எங்கள் கோழிகளில் மூத்தது. குசினி வாசலைவிட்டு அசையாது. அரிசி கழுவின தண்ணீரை நான் ஊற்றுகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்குள் எப்போதும் தலையை விட்டபடி நிற்கும். அது பெருந்தீனி, சிப்பியை மற்றதுகளைவிடக் கூடத் தின்னும் என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அவரோ கடலில் நீரோட்டத்தையும் நிறத்தையும் பார்த்தே மீன் எங்கே என்று சொன்ன மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு கேள்வி கேட்டால் நின்று கேட்கவேண்டும் என்ற புத்தி எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போயிருக்கும். முட்டைகள் மாறத் தொடங்கின. கறுப்பியுடையது மட்டுமல்ல, எல்லாக் கோழிகளுடையதும். ஓடு கையில் கனத்தது. பானைக்குள் பிளக்காமல் அவிந்தது. மூன்று முட்டை நான்காகி ஐந்தாகி, அயல் வீட்டுக்கும் கொடுக்கிற அளவுக்கு வந்தது. எனக்குப் பிடிபடாத பெருமை. ஒவ்வொரு முட்டையாக அவருக்கு முன்னால் கொண்டுபோய்க் கதிரைக் கையில் தட்டிக் காட்டுவேன். கோயில் முற்றத்தில் நின்று நாலு பேருக்குச் சிப்பி எப்படி இடிப்பதென்று வகுப்பெடுத்தேன்.

"உன்ர சிப்பி வேலை செய்யுது," என்றார் அவர். முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. என்னைப் பாராட்டுகிறார் என்று நான் பூரித்துப்போனேன்.

அந்த நாட்களில்தான் கலனில் தண்ணீர் குறைவதைக் கண்டேன்.

வடிகட்டின தண்ணீர்க் கலன் எனக்கும் அவருக்கும் குடிக்க மட்டும். ஞாயிறு வாங்கினால் அடுத்த ஞாயிறுவரை வரும். இப்போது வியாழக்கிழமையே அடி தெரிந்தது. முதல் கிழமை ஓட்டைக் கலனோ என்று நிலத்தைத் தடவிப் பார்த்தேன். இரண்டாம் கிழமை அவரைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினேன். அதே கிழமை ஆஸ்பத்திரியில், மெஷினில் ஏற்றமுன் நிறை பார்த்த தாதி, இரண்டு தரத்துக்கு இடையில் நிறை அளவுக்கு மேல் கூடியிருக்கிறது, ஐயா தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறார் போல என்று என்னைப் பார்த்துச் சொன்னா. எல்லார் முன்னாலும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் களைத்து என் தோளில் சாய்ந்து நித்திரையானார். அந்தத் தலையைத் தள்ளிவிடவேண்டும்போல் இருந்தது எனக்கு.

வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொடங்கினேன். கள்ளத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றேன். நான் விடிய எழும்பிச் சிப்பி இடித்து உயிரைக் காப்பாற்றப் பார்க்க, நீங்கள் எனக்குத் தெரியாமல் செத்துப்போகப் பார்க்கிறீர்கள் என்றேன். முன்பள்ளியில் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையின் பிஸ்கட்டை எடுத்தால்கூட நான் கள்ளன் என்று சொல்லமாட்டேன். அவரை அப்படிச் சொன்னேன். கள்ளன் என்று, அயல் வீட்டுக்குக் கேட்கும்படி.

அவர் கதிரையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து மூச்சை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"நான் குடிக்கேல்லை."

"அப்ப ஆர் குடிச்சது? கோழியளோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம்," என்றார்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. இந்த நிலையிலும் என்னோடு பகிடி விடுகிறாரே என்று நினைத்தேன். கலனை இழுத்துக்கொண்டுபோய் அறைக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பை என் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துக் கொளுவிக்கொண்டேன். மூன்று கோடு போட்ட போத்தலை நிரப்பி அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இவ்வளவுதான் என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் இன்னொரு தாதி, வயதானவர், அவரை வைத்துக்கொண்டு என்னிடம் பொறுமையாகக் கேட்டா. காலையில் என்ன கொடுக்கிறீர்கள்? கஞ்சி. எவ்வளவு? ஒரு பெரிய கோப்பை. கஞ்சியும் தண்ணீர்தானே அம்மா, அதையும் அரை லீற்றருக்குள் அல்லவா கணக்குப் பார்க்கவேண்டும் என்றா. எனக்கு முகம் செத்துப்போனது. கஞ்சி சாப்பாடு என்றுதான் நான் இருந்தேன். நிறை கூடினதற்குக் காரணம் என் கைதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்போதாவது வீட்டுக்கு வந்து அறையைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கஞ்சி சரி, கலனில் குறைந்தது எங்கே போனது என்று மனம் வக்கீல்போல் வாதாடியது. அவ்வளவு தண்ணீரையும் ஒரு சிறுநீரக வருத்தக்காரன் குடித்திருந்தால் ஒரு கிழமைக்குள் மூச்சு நின்றிருக்கும் என்று யோசிக்கத் தெரியாத ஆள் அல்ல நான். கோபம் இருந்தது, யோசிக்கவில்லை. கஞ்சியை மட்டும் நிறுத்தினேன். மன்னிப்பும் கேட்கவில்லை.

கலனைப் பூட்டிச் சில கிழமையில் முட்டை ஓடு திரும்ப மெலிந்தது. வெயில் என்றேன். கோழிக்கு வயது போய்விட்டது என்றேன். சிப்பியைக் கூட்டி வைத்தேன், புதுக் கணவாய் ஓடு கட்டினேன். அவர் கதிரையில் இருந்து, சட்டியைச் சுற்றி நிற்கும் கோழிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். சொல்ல ஏதோ வைத்திருக்கிறவர் முகம்போல இருக்கும். நான் அந்த முகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. கழுத்தில் திறப்பு ஆடிக்கொண்டிருக்கும்போது எந்த மனிதன் வாய் திறப்பான்? மூன்று வெள்ளை இரண்டானது, சில நாள் ஒன்றானது. கடை முட்டை கிடைத்த நாட்களில் வாங்கினேன்.

ஒரு காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இதயம் நின்றுபோனது. நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முட்டை குறைந்ததால் போனார் என்று நான் சொல்லமாட்டேன். டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. கனகாலம் களைத்த இதயம் என்றார். அதை நான் நம்புகிறேன். என்னைத் தின்பது அது அல்ல.

அடக்கம் முடிந்து, மகள் எட்டாம் நாள்வரை நின்றுவிட்டுப் போனபிறகு, முன்பள்ளிக்கு இன்னும் ஒரு கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அவர் உயிரோடு இருந்தபோது வார நாட்களில் அந்த நேரத்து முற்றத்தை நான் பார்த்ததே இல்லை. காலை பத்து மணி இருக்கும். எட்டுக் கோழிகளும் எங்கெங்கோ நின்றவை ஒவ்வொன்றாக வந்து அவருடைய கதிரையைச் சுற்றி நின்றன. கொத்தவில்லை, சண்டைபிடிக்கவில்லை. கழுத்தை நீட்டிக் கதிரையைப் பார்த்தபடி நின்றன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்துபோயின. அடுத்த நாளும் வந்தன. கதிரைக்குப் பின்னால், முருங்கை வேரோடு சேர்த்து ஒரு அலுமினியத் தட்டம் கவிழ்ந்து கிடந்தது. அவர் கை கழுவ வைத்திருக்கிறார் என்று நான் நெடுநாளாக நினைத்திருந்த தட்டம். அதைத் தூக்கிப் பார்த்தேன். அதன் கீழே மண்ணில் கோழிக்கால் தடங்கள் சேறு காய்ந்து பதிந்திருந்தன. அப்போதும் எனக்கு விளங்கவில்லை, அல்லது விளங்க விருப்பமில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு முந்தின கிழமை கால்நடைக் கந்தோர்ப் பிள்ளை கோழிகளுக்கு மருந்துத் துளி விட வந்தாள். துக்கம் விசாரித்தாள். பேச்சுக்குப் பேச்சாக, சிப்பி எவ்வளவு வைத்தாலும் ஓடு நிற்கவில்லை, இடையில் ஒன்றிரண்டு மாதம் நன்றாக இருந்து திரும்பக் கெட்டுவிட்டது என்றேன். அவள் கிணற்றடிக்குப் போனாள். சட்டியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"ரீச்சர், இந்தச் சவர்த் தண்ணியைக் குடிச்சுக்கொண்டு எவ்வளவு சிப்பி திண்டாலும் ஓடு பிடிக்காது," என்றாள். "அண்டைக்குக் கேட்டனான், தண்ணி எப்பிடியெண்டு. நீங்கள் நிறைய வைக்கிறன் எண்டு சொன்னீங்கள்."

பிறகு அவள் கேட்டாள், அந்த நல்ல மாதங்களில் மட்டும் என்ன தண்ணீர் கொடுத்தீர்கள் என்று.

நான் போய் அவருடைய கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அடக்கத்தன்றும் அப்படி நான் அழவில்லை.

அவர் தன் கதிரையிலிருந்து பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அரிசி கழுவின குழாய்த் தண்ணீரைக் குடிக்கும் கறுப்பிக்கு மட்டும் ஓடு நிற்கிறது, கிணற்றுச் சட்டியில் குடிப்பவற்றுக்கு நிற்கவில்லை. அதைத்தான் என்னிடம் கேள்வியாகக் கேட்டார். நான் காது கொடுக்கவில்லை. பிறகு நான் முன்பள்ளிக்குப் போனபின் கலனிலிருந்து எடுத்துத் தட்டத்தில் ஊற்றியிருக்கிறார். ஏன் மறைத்தார்? ஒரு முறை கலன் தண்ணீரில் கை கழுவினார் என்று நான் போட்ட சத்தம் அவருக்கு மறந்திருக்காது. இல்லை, அது மட்டுமல்ல. முட்டையைத் தட்டிக் காட்டி நான் துள்ளின துள்ளலை அவர் கெடுக்க விரும்பவில்லை. உன்ர சிப்பி வேலை செய்யுது என்றாரே. இவ்வளவு வருத்தத்துக்குள்ளும் எனக்கு ஒரு வெற்றி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். தன் நாக்கு வறண்டு ஒட்டிக்கிடக்க, ஒரு மிடறும் தான் குடிக்காமல், கையில் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு கோழிகளுக்கு ஊற்றியிருக்கிறார். அந்த மனிதரைத்தான் நான் கள்ளன் என்றேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமி அமைதியாகக் கேட்டார். கடவுள் மன்னித்துவிட்டார், அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஜெபமாலை சொல்லுங்கள் என்றார். சொல்லுகிறேன். ஆனால் நான் சந்தேகப்பட்டது கடவுளை அல்ல. மன்னிக்கவேண்டியவர் கோயிலுக்குப் பின்னால் சேமக்காலையில் கிடக்கிறார். அவரிடம் நான் வாரம் ஒருமுறை போய் நிற்கிறேன். என்ன சொல்வதென்று தெரியாமல் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு வருகிறேன்.

அறை இப்போது பூட்டுவதில்லை. திறப்பைச் சங்கிலியிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டேன். கோழிகளுக்கு நல்ல தண்ணீர்தான் வைக்கிறேன், அவர் வைத்த தட்டத்தில், அதே பத்து மணிக்கு. முன்பள்ளி நாட்களில் இடைவேளைக்குள் ஓடிவந்து வைத்துவிட்டுப் போகிறேன். ஓடு உடனே தேறவில்லை, மெல்ல மெல்லத்தான் வந்தது. இப்போது முட்டையைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் உடைவதில்லை, இரண்டாவது தட்டு வேண்டியிருக்கிறது. நாளுக்கு ஒன்று அவிக்கிறேன். பழக்கத்தில் மஞ்சளை எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறேன். வெள்ளை தட்டில் கிடக்கும். அது என் தொண்டையால் இறங்குவதில்லை.

அவர் ஒரு சொல் விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று முதலில் அவர்மேலும் கோபப்பட்டேன். கோபப்பட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பிறகு ஒரு நாள், தட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அவரைக் கள்ளன் என்ற அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்தது. அவர் சொல்லியிருக்கிறார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். கோழிகளா என்று கேட்டவள் நான். ஓம் என்று சொன்னவர் அவர். அதைவிட நேராக ஒரு மனிதர் எப்படிச் சொல்லுவது?